பராமரிப்புக் குறையா, விமானி தவறா?

விமான விபத்துக்கு எது காரணம் என்று கேட்டால், பல நேரம் இரண்டும் சேர்ந்துதான். தென்னாப்பிரிக்காவில் நம் டர்பன் நகரின் மெரபேங்க் பகுதியிலேயே பார்த்தோமே. 2009 செப்டம்பர் 24 அன்று, புறப்பட்டதுமே ஜெட்ஸ்ட்ரீம் 41 என்ற இரட்டை எஞ்சின் விமானத்தின் வலது எஞ்சின் செயலிழந்தது. எஞ்சினுக்குள் சுழலும் டர்பைனில் ஒரு தகட்டின் விளிம்பு உடைந்துவிட்டது. உலோகம் களைத்து விரிசல் விடுவதை முன்கூட்டியே பிடிப்பதுதான் பராமரிப்பின் பெரிய வேலை. ஆனால் ஒற்றை எஞ்சினிலும் அந்த விமானம் பறக்கும். விமானிகளோ தவறுதலாக நன்றாக ஓடிய இடது எஞ்சினை அணைத்துவிட்டார்கள்.

எந்த எஞ்சின் பழுது என்று அறிய ஒரு வழி உண்டு. வலது எஞ்சின் நின்றால் விமானத்தின் மூக்கு வலப்பக்கம் திரும்பும், இடது காலால் பெடலை மிதித்து நேராக்க வேண்டும். சும்மா இருக்கும் கால் பக்கம்தான் பழுது. அப்புறம், அணைக்கும் முன் இரு விமானிகளும் வாய்விட்டுச் சொல்லி உறுதிசெய்ய வேண்டும். அன்று அந்த ஒருங்கிணைப்பே இல்லை என்றது விசாரணை அறிக்கை. விமானம் பள்ளி மைதானத்தில் விழுந்தது. விடுமுறை என்பதால் பிள்ளைகள் தப்பினார்கள். கேப்டன் சில நாள் கழித்து இறந்துபோனார்.