மின்கடத்தல், கிரிட் இயக்கம்: கேள்வி பதில்

கேள்வி: சார், பெரிய மின்நிலையம் ஒன்று திடீரென்று நின்றுவிட்டால் அடுத்த நொடியிலிருந்து கிரிட்டில் (மின்கட்டமைப்பில்) என்ன நடக்கிறது?

முதல் நொடிகளில் யாரும் எதுவும் செய்வதில்லை, செய்யவும் முடியாது. ஓடிக்கொண்டிருக்கும் டர்பைன், ஜெனரேட்டர்களின் சுழலும் எடையில் உள்ள ஆற்றல்தான் பற்றாக்குறையைத் தாங்குகிறது. அது கரையக் கரைய வேகம் இறங்கும், அலைவெண்ணும் கூடவே இறங்கும்.

பிறகு டர்பைனுக்குப் போகும் நீராவியையோ நீரையோ கூட்டிக் குறைக்கும் கவர்னர்கள் விழிக்கும். 50 ஹெர்ட்ஸ் கிரிட்டில் 5 சதவீத டிரூப் (அலைவெண் எத்தனை சதவீதம் விழுந்தால் யூனிட் தன் முழுத் திறனளவுக்குக் கூட்டும் என்ற செட்டிங்) வைத்த 500 மெகாவாட் யூனிட், அலைவெண் 0.1 ஹெர்ட்ஸ் விழுந்தால் 20 மெகாவாட் கூட்டித் தரும். ஆனால் கூட்ட இடம் இருக்க வேண்டும். முழு லோடில் ஓடும் யூனிட்டில் கவர்னர் இருந்தும் ஒன்றுதான், இல்லாததும் ஒன்றுதான். கவர்னர் வீழ்ச்சியைத் தடுத்து நிறுத்தும், அவ்வளவே. பழைய இடத்துக்குத் திருப்பிக் கொண்டுவருவது கட்டுப்பாட்டு மையத்தின் கணினி சில நொடிகளுக்கு ஒருமுறை யூனிட்டுகளுக்கு அனுப்பும் தானியங்கி ஆணை. அதற்குச் சில நிமிடங்கள் பிடிக்கும்.

இவ்வளவும் போதாதபோது அலைவெண் எல்லைக்குக் கீழே போனதை உணரும் குறை-அலைவெண் ரிலேக்கள் படிப்படியாக ஃபீடர்களை (நுகர்வோருக்கு மின்சாரம் கொண்டுபோகும் லைன்களை) வெட்டும். பிரிட்டனில் 2019 ஆகஸ்ட் 9 அன்று அலைவெண் 48.8 ஹெர்ட்ஸுக்கு இறங்கியதும் சுமார் 10 லட்சம் நுகர்வோர் இப்படித்தான் துண்டிக்கப்பட்டனர். அன்று மின்சாரம் சீக்கிரமே திரும்பிவிட்டது. ஆனால் 49 ஹெர்ட்ஸுக்குக் கீழே தாமாக நின்றுகொண்ட சில ரயில்களை மறுபடி கிளப்பத் தொழில்நுட்ப ஆள் நேரில் போக வேண்டியிருந்தது. ரிலே செட்டிங் கிரிட்டோடு முடிகிற விஷயமில்லை.

கேள்வி: இரண்டு இணை லைன்களும் 60 சதவீதம்தான் ஓடுகின்றன. இன்னும் ஏற்றக் கேட்டால் லோடு டெஸ்பாட்ச் (கட்டுப்பாட்டு மையம்) மறுக்கிறது. ஏன்?

ஒன்று டிரிப் ஆனால் (பாதுகாப்பு ரிலே அதைத் துண்டித்தால்) மற்றது 120 சதவீதம் சுமக்க வேண்டும். நீங்கள் ஏற்கெனவே எல்லையைத் தாண்டித்தான் இருக்கிறீர்கள். எந்த ஓர் உபகரணம் போனாலும் மிச்சம் தாங்க வேண்டும் என்ற என்-1 விதியின் பொருள் இதுதான். மின்னோட்டம் நாம் சொல்லும் வழியில் போகாது, மின்மறுப்பு குறைந்த வழியில் அதிகமாகப் போகும். ஆகவே ஒவ்வொரு ஸ்விட்சிங்குக்கு முன்பும் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும்.

2006 நவம்பர் 4 அன்று ஜெர்மனியில் எம்ஸ் ஆற்றில் ஒரு கப்பல் கடப்பதற்காக 380 கேவி இரட்டை லைனை நிறுத்தினார்கள். வேறொரு லைனில் லோடு ஏறியது. அந்த லைனின் இரு முனைகளும் இரு வேறு நிறுவனங்களின் கையில், இரு முனைகளிலும் பாதுகாப்பு எல்லை வேறு வேறு. லோடைக் குறைக்க நினைத்து, என்-1 கணக்குப் போடாமலே ஒரு பஸ் கப்ளரை (நிலையத்தில் லைன்கள் வந்து சேரும் பொதுக் கடத்திகளான பஸ்களை இணைக்கும் சுவிட்சை) மூடினார்கள். லோடு குறையவில்லை, கூடியது. லைன் டிரிப் ஆனது, ஐரோப்பியக் கிரிட் மூன்று துண்டானது.

கேள்வி: நள்ளிரவில் 400 கேவி பஸ் 420-ஐத் தாண்டுகிறது. எந்த வரிசையில் கை வைப்பது?

லோடு குறைந்த லைன் கெப்பாசிட்டர் போல நடந்துகொள்ளும். 400 கேவி லைன் கிலோமீட்டருக்கு அரை மெகாவாருக்கு (மின்னழுத்தத்தை ஏற்றும் ரியாக்டிவ் பவரின் அலகு) மேல் உற்பத்தி செய்யும்.

முதலில் கீழ் மின்னழுத்தப் பக்கம் மாலை உச்சத்துக்குப் போட்ட கெப்பாசிட்டர் பேங்க்குகள் இன்னும் சர்வீஸில் இருக்கின்றனவா என்று பாருங்கள். பெரும்பாலும் இருக்கும். அடுத்து அந்த மெகாவாரை உறிஞ்சும் பஸ் ரியாக்டர். பிறகு ஜெனரேட்டர்களை மெகாவார் உறிஞ்சச் சொல்லலாம், ஆனால் எக்சைட்டேஷன் (ரோட்டரைக் காந்தமாக்கும் மின்னோட்டம்) அதிகம் குறைந்தால் ஸ்டேட்டர் (சுழலாத சுருள்) முனைப் பகுதி சூடாகும், கிரிட்டோடு ஒரே வேகத்தில் ஓடும் சின்க்ரோனிசமும் ஆட்டம் காணும். டிரான்ஸ்ஃபார்மர் டேப்பை (சுருளின் சுற்று விகிதத்தை) மாற்றுவது தொல்லையை அடுத்த பக்கத்துக்குத் தள்ளுவதே.

லைனைத் திறப்பது கடைசி வழி. ஒரு முனையை மட்டும் திறந்து வைக்காதீர்கள், ஃபெராண்டி விளைவால் திறந்த முனையில் மின்னழுத்தம் இன்னும் ஏறும்.

கேள்வி: டிரிப் ஆன லைன் ஒரு நொடியில் தானாக வந்துவிடுகிறதே?

மேல்நிலை லைனின் பெரும்பாலான ஃபால்ட்கள் மின்னல் போன்றவற்றால் வரும் தற்காலிக ஆர்க். பழுதான ஃபேஸை மட்டும் திறந்து, ஆர்க் அணையும் வரை காத்து, ஆட்டோ ரீகுளோஸ் மூடுகிறது. கேபிளுக்கு இது ஆகாது, அங்கே ஃபால்ட் என்றால் இன்சுலேஷன் போய்விட்டது என்று பொருள். ஹாட்லைன் வேலை (லைனில் மின்சாரம் இருக்கும்போதே செய்யும் வேலை) நடக்கும்போதும் ஆட்டோ ரீகுளோஸை பிளாக் செய்துவிட வேண்டும்.

கேள்வி: லைன் கிளியர் (வேலைக்காக லைனை நிறுத்தி ஒப்படைப்பது) தரும்போது அதிகம் தவறுவது எங்கே?

குறிவிளக்கை நம்புவதில். வரிசை எல்லோருக்கும் தெரியும்: இரு முனையிலும் பிரேக்கர் (மின்னோட்டத்தை வெட்டும் சுவிட்ச்), பிறகு ஐசோலேட்டர் (கண்ணுக்குத் தெரியும் இடைவெளியோடு பிரிக்கும் சுவிட்ச்), மின்னழுத்தம் இல்லை என்ற சோதனை, எர்த் சுவிட்ச், பூட்டு, பலகை, எழுத்தில் பெர்மிட் (வேலை அனுமதி). ஆனால் ஐசோலேட்டரின் மூன்று பிளேடும் திறந்ததை யார்டில் போய்க் கண்ணால் பார்த்தீர்களா? ஒரு ஃபேஸின் பிளேடு சிக்கி நின்றாலும் விளக்கு "திறந்தது" என்று காட்டலாம்.

வேலை நடக்கும் இடத்தில் இருபுறமும் தனி எர்த் வேண்டும், பக்கத்து சர்க்யூட்டின் தூண்டு மின்னழுத்தம் ஆளைக் கொல்லும். மாட்டும்போது முதலில் தரைமுனை, பிறகு கண்டக்டர். கழற்றும்போது தலைகீழ். பெர்மிட்டை வாங்கியவரே திருப்ப வேண்டும்.

எர்த்தை மறந்து லைனை மூடினால் மூன்று ஃபேஸ் ஃபால்ட். அப்போது லைன் பக்க சிவிடியில் (மின்னழுத்தத்தை அளக்கும் கருவியில்) மின்னழுத்தமே இருக்காது, மின்னழுத்தத்தையும் மின்னோட்டத்தையும் வைத்து ஃபால்ட்டைக் கண்டுபிடிக்கும் டிஸ்டன்ஸ் ரிலேக்குத் திசை தெரியாது. அதற்காகத்தான் ஸ்விட்ச்-ஆன்-டு-ஃபால்ட் பாதுகாப்பு (மூடியதுமே ஃபால்ட் தெரிந்தால் உடனே டிரிப் செய்வது). அது ஆனில் இருக்கிறதா என்று லைனை சார்ஜ் செய்யும் (மின்னழுத்தம் கொடுக்கும்) முன் பாருங்கள்.

கேள்வி: கிரிட் முழுவதும் விழுந்தால் எங்கே தொடங்குவது?

வெளியிலிருந்து மின்சாரம் இல்லாமல் கிளம்பக்கூடிய நீர்மின் அல்லது எரிவாயு யூனிட்டில். முதல் மின்சாரம் ஊருக்கு அல்ல, அனல் நிலையங்களின் பம்புகளுக்கும் விசிறிகளுக்கும். லோடைச் சிறு துண்டுகளாகச் சேர்க்க வேண்டும். நீண்ட இருட்டுக்குப் பின் ஃப்ரிட்ஜ், ஏசி, மோட்டார் எல்லாம் ஒரே நேரத்தில் இழுக்கும், ஆகவே ஃபீடர் வழக்கமான அளவைவிட மிக அதிகம் கேட்கும். வழக்கமான எண்ணை வைத்துக் கணக்குப் போட்டால் யூனிட் மறுபடி விழும்.

இதற்கிடையே சப்-ஸ்டேஷன் பேட்டரிகள் இறங்கிக்கொண்டே இருக்கும். பேட்டரி தரும் டிசி போன இடத்தில் ரிலேயும் இல்லை, டிரிப் காயிலும் (பிரேக்கரைத் திறக்கும் சுருள்) இல்லை. அந்த நிலையத்தை டிசி திரும்பும்வரை சார்ஜ் செய்யும் பாதையில் சேர்க்கக் கூடாது.