மூன்று டீச்சர்மார் இருக்கும் வீடு

அன்புள்ள அக்கா,

ஹட்டனுக்குப் பக்கத்தில் ஒரு தோட்டப் பாடசாலையில் படிப்பிக்கிறேன். வயது 41, கல்யாணம் செய்யவில்லை. என்னைப் போன்ற இன்னும் இரண்டு டீச்சர்மாருடன் டவுனில் வாடகைக்கு வீடு எடுத்து இருக்கிறேன். பத்தொன்பதாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் கல்யாணம் செய்யாத நடுத்தர வர்க்கப் பெண்கள் உழைத்து, கல்லூரி, விடுதி என்று தங்களுக்கென ஒரு சமூகத்தையே கட்டினார்களாம். நமக்கு அப்படி ஒன்று இருந்ததா? தம்பி தன் வீட்டோடு வந்து இருக்கச் சொல்கிறான். ஊரும் எங்கள் வீட்டைத் தற்காலிக ஏற்பாடாகத்தான் பார்க்கிறது.

— ஓர் ஆசிரியை

அன்புள்ள டீச்சர்,

இருந்தது. யாரும் உட்கார்ந்து எழுதவில்லை, அவ்வளவுதான்.

நீங்கள் வாசித்த கதையின் ஒரு நுனி நம் மலைக்கும் வருகிறது. பிரித்தானியாவில் மணமாகாத பெண்கள் எத்தனை பேர் என்பதை 1851 குடிசனக் கணக்கெடுப்பு காட்டியதும் பெரிய விவாதம் எழுந்தது. அவர்களைக் கப்பலேற்றிக் குடியேற்ற நாடுகளுக்கு அனுப்பலாம் என்று 1862இல் டபிள்யூ. ஆர். கிரெக் என்ற கட்டுரையாளர் எழுதினார். பெண்கள் வேறு வழிகளைத் தேடிக்கொண்டார்கள். 1860இல் நைட்டிங்கேலின் தாதியர் பள்ளி வந்தது, 1869இல் பெண்களுக்கான கேர்ட்டன் கல்லூரி. மிஷனரிகளாகக் கடல் கடந்தவர்களும் உண்டு. கண்டி ஹில்வூட் கல்லூரியை 1890இல் தொடங்கியது அப்படி வந்த பெண்கள்தான். ஆனால் அது கண்டிப் பிரதானிகளின் பெண்பிள்ளைகளுக்காக. கொழுந்துக் கூடையோடு நின்ற நம் பாட்டிமாருக்கு அந்த வாசல் திறக்கவில்லை.

மலையகத் தமிழரான நம்மிடையே மாதச் சம்பளக்காரப் பெண்கள் உருவானதே தாமதம். 1948 பிரஜாவுரிமைச் சட்டம் நம்மில் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. பிரஜாவுரிமை இல்லாதவருக்கு அரசாங்க உத்தியோகம் ஏது? இலவசக் கல்வி வந்த பிறகும் தோட்டப் பாடசாலைகள் தோட்ட நிர்வாகத்தின் கையிலேயே இருந்தன. பெரும்பாலும் ஒரு அறை, ஒரு ஆசிரியர், ஐந்தாம் வகுப்போடு சரி. அரசு அவற்றைப் பொறுப்பேற்றது எழுபதுகளில் தொடங்கித்தான். அப்புறம் ஆசிரிய நியமனங்கள், கொட்டகலை ஆசிரியர் கலாசாலை, பத்தனை ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரி. தோட்டத் தொழிலாளரின் வரிசைக் குடியிருப்பான லயத்தில் பிறந்த பெண் கையெழுத்துப் போட்டுச் சம்பளம் எடுக்கும் காலம் அப்படி வந்தது.

அதற்கு முன்பே யாழ்ப்பாணத்திலிருந்து நியமனம் பெற்று வந்த டீச்சர்மார் இங்கே இருந்தார்கள். அவர்களுக்கு நம்மைவிட நீண்ட மரபு உண்டு. உடுவில் மகளிர் பாடசாலையில் எலைசா அக்னியூ என்ற அமெரிக்கப் பெண் கல்யாணம் செய்யாமலே ஏறத்தாழ 40 வருடம் இருந்து பிள்ளைகளை வளர்த்தெடுத்தவர்.

வடக்கிலிருந்து வந்தவர்களும் நம் பெண்களும் டவுன் போடிங்குகளில் இரண்டு மூன்று பேராகச் சேர்ந்து இருந்தார்கள். முறைபோட்டுச் சமைத்தார்கள். சீட்டுப் பிடித்தார்கள். ஒருத்திக்குக் காய்ச்சல் என்றால் இன்னொருத்தி லீவு போட்டாள். சம்பளத்தில் பெரிய பங்கு தம்பியின் படிப்புக்கும் தங்கையின் கல்யாணத்துக்கும் போனது. எத்தனையோ வீடுகளை லயத்திலிருந்து வெளியே கொண்டுவந்தது இந்தப் பெண்களின் சம்பளம். ஆனால் குடும்பக் கதை சொல்லும்போது அவள் 'பாவம், கல்யாணம் ஆகாமல் போன அக்கா' ஆகிவிடுகிறாள். இதைக் கேட்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது.

இங்கிலாந்துப் பெண்களுக்கும் நமக்கும் உள்ள பெரிய வித்தியாசத்தை நான் இதில்தான் காண்கிறேன். அவர்களுடைய கல்லூரிக்குக் காணியும் நிதியும் சட்டப்படியான பெயரும் இருந்தன. ஒருத்தி போனாலும் அடுத்தவள் வந்து சேர இடம் இருந்தது. நம்முடைய போடிங் வீடு ஓர் இடமாற்றக் கடிதத்தில் கலைந்துவிடும். பாத்திரங்களைப் பங்குபோட்டுக்கொண்டு ஆளுக்கொரு பஸ் ஏறினால் அங்கே ஒரு குடித்தனம் நடந்ததற்கே அடையாளம் இல்லை.

உங்கள் வீடு தற்காலிகமானது என்று ஊர் சொல்லட்டும், நீங்கள் அப்படி நடத்தாதீர்கள். தம்பி அன்பில்தான் கூப்பிடுகிறார். பண்டிகைக்குப் போய் இருந்துவிட்டு வாருங்கள். வாடகை ஒப்பந்தத்தில் மூவர் பெயரும் இருக்கிறதா என்று பாருங்கள். ஒருவர் பெயர் மட்டும் என்றால் அடுத்த முறை புதுப்பிக்கும்போது மாற்றுங்கள். ஆஸ்பத்திரியில் 'யாருக்கு அறிவிப்பது' என்று கேட்டால் ஒருவர் மற்றவர் பெயரைக் கொடுங்கள். உங்களுக்கு முன்னால் அந்தப் பாடசாலையில் படிப்பித்து ஓய்வுபெற்ற டீச்சர்மார் ஹட்டனிலோ தலவாக்கலையிலோ இருப்பார்கள். எங்கே தங்கினார்கள், யாரோடு இருந்தார்கள், சீட்டுக்காசை எதற்குச் செலவழித்தார்கள் என்று கேட்டு எழுதி அனுப்புங்கள். இந்தத் தளத்தில் போடுகிறேன்.