புரட்டாசி சாப்பாட்ட சர்ச் சென்டர்ல குடுக்கலாமா?

தென்னாப்பிரிக்கா டர்பன்ல நம்ம ஆளுங்க நிறைய இருக்கற சாட்ஸ்வொர்த்லேருந்து ஒரு அக்கா கேட்டிருக்காங்க. வருஷா வருஷம் புரட்டாசி சனிக்கிழமை சைவ சாப்பாடு செஞ்சு டர்பன் டவுன்ல ரோட்டுல படுத்திருக்கவங்களுக்கு பாக்கில (பின்னாடி திறந்த சின்ன லாரி) எடுத்துட்டு போய் குடுப்பாங்களாம், இந்த வாட்டி மகன் எமானுவேல் கதீட்ரல்ங்கற கத்தோலிக்க சர்ச் பக்கத்துல, ஏழைங்களுக்கு சாப்பாடும் மருத்துவமும் குடுக்கற டெனிஸ் ஹர்லி சென்டருக்கு குடுத்துடலாம்னு சொல்றான், நாம இந்துக்கள், வாங்கிப்பாங்களா, மதம் மாத்துற வேலை ஏதும் இருக்குமா, டாக்ஸ்ல கழிக்க முடியுமான்னு.

அக்கா, தாராளமா குடுங்க. அந்த சென்டர் 2015ல திறந்தது, 1951லேருந்து 1992 வரைக்கும் டர்பன் பேராயரா இருந்து நிறவெறி ஆட்சிய எதிர்த்து நின்ன ஹர்லியோட பேர்ல. பக்கத்திலயே ஜும்மா மசூதி, நாலு எட்டு வச்சா விக்டோரியா ஸ்ட்ரீட் மார்க்கெட், அந்த ஏரியாவே எல்லாரும் கலந்து கிடக்கற ஏரியா. வரிசைல நிக்கறவன்கிட்ட நீ என்ன சாமி கும்புடுறன்னு கேக்கற இடம் இல்ல அது. ஆனா எல்லா சர்ச்சும் அப்படின்னு நான் சொல்ல மாட்டேன், சில இடத்துல ஒரு மணி நேரம் பிரசங்கம் முடிஞ்சாதான் தட்டு கைக்கு வரும், அதனால எங்க குடுத்தாலும் முதல்லயே நேரா கேட்டுடுங்க, அதுல வெக்கம் ஒண்ணும் இல்ல.

நானும் ரொம்ப வருஷம் பாக்கில போனவன்தான். சனிக்கிழமை சாயங்காலம் ஒரே தெருவுல மூணு வண்டி நிக்கும், பாதி சாப்பிட்ட ஃபோம் டப்பா காவாயில கிடக்கும், புதன்கிழமை காலைல ஒரு ஈ காக்கா இருக்காது! சென்டர்ல குடுத்தா அந்த சாப்பாடு வேற வேலையும் செய்யுது. அங்க கிளினிக் இருக்கு. டிபி மாத்திரை, எச்ஐவி மாத்திரையெல்லாம் வெறும் வயித்துல போட்டா நிறைய பேருக்கு குமட்டும், அதுக்கு பயந்தே மாத்திரைய விட்டுடுவாங்க. சோறு இருக்கற இடத்துலயே நர்ஸும் இருந்தா ஆள் திரும்பி வருவான். இத ரோட்டோரமா நின்னு நம்மால பண்ண முடியாது.

டாக்ஸ் விஷயம்தான் நிறைய பேர் தப்பா புரிஞ்சு வச்சிருக்காங்க. சர்ச்சுக்கே குடுக்கற காணிக்கைக்கு கழிவு கிடையாது, நம்ம கோயில் உண்டியலுக்கும் அதே கதைதான். ஏழைங்களுக்கு உதவி, மருத்துவம், படிப்பு மாதிரி வேலைக்கு வருமான வரிச் சட்டத்தோட 18ஏ பிரிவுல அனுமதி வாங்கின அமைப்பா இருந்தாதான் கழிக்கலாம், வரிக்குரிய வருமானத்துல 10% வரைக்கும். அதனால "18ஏ ரசீது தருவீங்களா"ன்னு குடுக்கறதுக்கு முன்னாடியே கேளுங்க. 2023 மார்ச்லேருந்து அந்த ரசீதுல உங்க ஐடி நம்பரும் வரி நம்பரும் இருக்கணும், கையோட வச்சுக்கோங்க. அரிசி பருப்பா குடுத்தாலும் கணக்குல வரும், பில்ல பத்திரமா வைங்க. நீங்க நின்னு சமைச்ச நேரத்துக்கு மட்டும் ஒண்ணும் கிடையாது, அது புண்ணியக் கணக்கு!

இப்ப சாப்பாடு. சமைச்சு கொண்டு போறதா இருந்தா நாளையும் நேரத்தையும் அவங்க சொல்றபடி வச்சுக்கோங்க, சனிக்கிழமைதான்னு பிடிவாதம் பிடிக்காதீங்க, விரதம் உங்களுக்கு, பசி அவங்களுக்கு. சோத்த விடியக்காலைல வடிச்சு மூடி வச்சு மத்தியானம் எடுத்துட்டு போகவே கூடாது, ஆறின சோத்துல வளர்ற கிருமியோட விஷம் திரும்ப சூடு பண்ணினாலும் போகாது. 60 டிகிரிக்கு மேல சூடா இருக்கணும், இல்லன்னா அங்கயே போய் சமைக்க விடுவாங்களான்னு கேளுங்க. என்ன கேட்டா சமைக்காம சுகர் பீன்ஸ் (புள்ளி போட்ட காஞ்ச பீன்ஸ் பயறு), அரிசி, எண்ணெய்னு மூட்டையா குடுத்துடறதுதான் நல்லது, எப்ப தேவையோ அப்ப எடுத்துப்பாங்க.

சமைச்சே தீருவேன்னா சுகர் பீன்ஸ் கறியும் முட்டைக்கோஸும் போதும், சாப்பிடறவங்கள்ல நிறைய பேரு ஜுலு ஆளுங்க, பீன்ஸ்னா விரும்பி சாப்பிடுவாங்க. மிளகாய் மட்டும் நம்ம வீட்டு அளவுல போட்டுடாதீங்க அக்கா.