ஸ்பேமுக்குப் போகும் ஆர்டர் மின்னஞ்சல்கள்

வணக்கம். உங்கள் மதுரை சுங்குடிச் சேலைக் கடையின் இணையதளம் அனுப்பும் ஆர்டர் மின்னஞ்சல்கள் ஜிமெயிலில் ஸ்பேமுக்குப் போவதாக எழுதியிருந்தீர்கள். அனுப்புநர் இடத்தில் ஜிமெயில் முகவரியை வைத்துக்கொண்டு ஹோஸ்டிங் சர்வரிலிருந்து அனுப்புவதே முதற்காரணம். கூகுளின் கண்ணுக்கு அது ஆள்மாறாட்டமாகவே படும். ஆகவே சொந்த டொமைன் முகவரிக்கு மாறி, தளத்தின் நிரலே நேரடியாக மடல் அனுப்பும் பிஎச்பி மெயிலை விட்டுவிட்டு, 587ஆம் போர்ட் வழியே கடவுச்சொல்லுடன் இயங்கும் எஸ்எம்டிபி (மின்னஞ்சல் அனுப்பும் நெறிமுறை) சேவை மூலம் அனுப்புங்கள்.

நீங்கள் இணைத்திருந்த டிஎன்எஸ் (டொமைனின் பதிவேடு) படத்தில் எஸ்பிஎஃப் பதிவுகள், அதாவது உங்கள் டொமைன் பெயரில் எந்தச் சர்வர்கள் மடல் அனுப்பலாம் என்ற பட்டியல்கள், இரண்டு உள்ளன. ஒரு டொமைனுக்கு ஒன்றுதான் இருக்கலாம். இரண்டு இருந்தால் சோதனை பிழையிலேயே முடியும் என்பதால், புதிய சேவையையும் சேர்த்து அவற்றை ஒரே வரியாக்குங்கள். மடல்களில் மின் கையொப்பமிடும் டிகேஐஎம் முறைக்கான சாவியை அந்தச் சேவையே தரும். இச்சோதனைகளில் தேறாத மடலை என்ன செய்வது என்று சொல்லும் டிமார்க்கை முதலில் கண்காணிப்பு நிலையில் மட்டும் வையுங்கள். பிறகு ஒரு சோதனை மடலை ஜிமெயிலில் திறந்து, அதன் மூல வடிவத்தில் மூன்றும் தேறியிருக்கின்றனவா என்று பாருங்கள். பணம் கட்டியவர் ரசீதுக்காகத் தவிக்கக் கூடாது. சிக்கல் நீடித்தால் மூல வடிவத்தில் அந்த முடிவுகள் உள்ள வரிகளை இங்கே இடுங்கள்.