ட்ரோலிங்கில் படகை ஏன் அவ்வளவு மெதுவாக ஓட்டுகிறார்கள்?

ஓடும் படகின் பின்னால் தூண்டிலை இழுத்துக்கொண்டே போவதுதான் ட்ரோலிங். அமெரிக்க-கனடா எல்லையில் இருக்கிற ஈரி ஏரியில் வால்ஐ (walleye) என்கிற நன்னீர் மீனைப் பிடிக்க, மண்புழு கோத்த தூண்டிலை மணிக்கு 1.5 முதல் 2.5 கிலோமீட்டர் வேகத்தில் இழுப்பார்கள், அதாவது கடைத்தெருவில் வேடிக்கை பார்த்துக்கொண்டே நடக்கிற நடையைவிட மெதுவு. மீன் குளிர் ரத்தப் பிராணி, தண்ணீர் சில்லென்று இருந்தால் அதன் உடம்பும் மந்தமாகிவிடும், வேகமாக ஓடுகிற இரையைத் துரத்தாது.

மோட்டார் அவ்வளவு மெதுவாக ஓடவில்லையா? படகைப் பின்பக்கமாக ஓட்டுவார்கள், தட்டையான பின்புறம் தண்ணீரைத் தள்ளுவதால் வேகம் குறையும். அப்புறம், நேராகவே போகாமல் வளைந்து வளைந்து போங்கள்: வளைவில் உள்பக்கத் தூண்டில் வேகம் குறையும், வெளிப்பக்கத்தது வேகமெடுக்கும், எது கடிபடுகிறதோ அதை வைத்து வேகத்தை மாற்றலாம்.

எவ்வளவு மெதுவோ அவ்வளவு மீன் என்று பலர் நினைக்கிறார்கள், அப்படியில்லை, மீனை ஈர்க்கப் புழுவுக்கு முன்னால் மாட்டியிருக்கிற சின்னத் தகடு சுழல்வதை நிறுத்தினால் வேகம் போதவில்லை என்றுதான் அர்த்தம்.