லேசர் கடனுக்குள் தம்பியின் பைக்

மொரிஷியஸின் ரோஸ்ஹில்லிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். வயது 28, எபேனில் கணினி முன் வேலை, கைக்கு வருவது 32,000 ரூபாய். கிட்டப்பார்வை, இரண்டு கண்ணிலும் மைனஸ் 5.25, போன வருடம் 4.75. லேசர் சிகிச்சைக்கு 95,000 கேட்கிறார்களாம். தம்பிக்காகத் தன் பெயரில் எடுத்த பைக் கடனில் மாதம் 4,200 வீதம் இன்னும் 14 தவணை பாக்கி, தம்பி கொடுத்தது முதல் 3 மாதம்தான். இப்போது வங்கியில் 1,50,000 டாப்-அப் (பழைய கடனையும் சேர்த்துக் கொடுக்கும் பெரிய கடன்) தருகிறார்கள், பைக் கடனும் அடையும், கண்ணும் சரியாகும், 60 மாதத்துக்குத் தவணை 3,400தான், மாதம் 800 மிச்சம் என்கிறார்கள், எடுக்கலாமா என்று கேட்கிறார்.

வேண்டாம். அந்த 800 மிச்சமே இல்லை. 3,400ஐ 60 மாதம் கட்டினால் 2,04,000. பைக் பாக்கி 58,800, சிகிச்சை 95,000, இரண்டையும் தனித்தனியாகக் கட்டினாலே சுமார் 1,54,000தான். ஆக 50,000 ரூபாய் கூடுதலாகக் கொடுத்து, 14 மாதத்தில் முடிய வேண்டிய தம்பியின் கடனை ஐந்து வருடத்துக்கு உங்கள் தலையிலேயே கட்டிக்கொள்கிறீர்கள். பைக் கடன் அடைந்துவிட்டது என்று தெரிந்த நாளிலிருந்து தம்பியிடம் ஒரு ரூபாய்கூட வராது, அடுத்த தேவைக்கும் உங்கள் கையெழுத்தைத்தான் கேட்பார். "தம்பிதானே, நீ சம்பாதிக்கிறாய்" என்று அம்மா சொல்வதாக எழுதியிருக்கிறீர்கள். தம்பியும்தான் ஹோட்டலில் சம்பாதிக்கிறார். இந்தக் கையெழுத்துப் பழக்கம் நிற்காமல் நான் என்ன கணக்குப் போட்டுக் கொடுத்தாலும் உங்களுக்கு உதவாது.

சரி, கண்ணுக்கு வருவோம். லேசரே வீண் செலவு என்று நான் சொல்ல மாட்டேன். கான்டாக்ட் லென்ஸுக்கும் திரவத்துக்கும் மாதம் 1,500 செலவாகிறது, அதாவது வருடம் 18,000, ஐந்தரை வருடத்தில் லேசர் விலையைத் தாண்டிவிடும். ஆனால் ஒரே வருடத்தில் அரை பவர் ஏறிய கண்ணுக்கு இப்போதே லேசர் செய்வது அவசரம். குறைந்தது ஒரு வருடமாவது பவர் மாறாமல் இருக்க வேண்டும் என்பதுதான் வழக்கமான நிபந்தனை, அப்புறம் கருவிழியின் தடிமன், கண் வறட்சி எல்லாம் பார்த்த பிறகுதான் லாசிக், பிஆர்கே, ஸ்மைல் என்ற லேசர் முறைகளில் எது ஒத்து வரும், அல்லது எதுவுமே ஒத்து வராதா என்று சொல்ல முடியும். அளவெடுப்பதற்கு முன் கான்டாக்ட் லென்ஸைச் சில நாள் கழற்றி வைக்கவும் சொல்வார்கள். "ஆயுளுக்கும் கண்ணாடி வேண்டாம்" என்ற விளம்பரத்தை நம்பவே வேண்டாம். நாற்பதைத் தாண்டினால் படிக்கும் கண்ணாடி பெரும்பாலோருக்கு வரும், லேசர் செய்த கண்ணுக்கும் வரும். லேசர் கருவிழியின் வளைவைத்தான் மாற்றும், கிட்டப்பார்வையில் நீண்டுபோன கண் நீளமாகவேதான் இருக்கும், அதனால் விழித்திரையைச் சோதித்துக்கொண்டே இருக்க வேண்டும். அதற்கு மோக்காவில் பாரதியார் பெயரில் அரசு கண் மருத்துவமனை இருக்கிறது, நம் நாட்டில் அரசு மருத்துவம் இலவசம், முதலில் அங்கே போய்க் காட்டுங்கள்.

பவர் நிற்கிறதா என்று எப்படியும் ஒரு வருடம் காத்திருக்கத்தான் வேண்டும். அந்தக் காலத்தில் பணத்தைச் சேருங்கள். இப்போது மாதம் 3,000 மிஞ்சுவதாக எழுதியிருக்கிறீர்கள். தம்பி பாதித் தவணை 2,100 கொடுத்தால் 5,100 ஆகும், 14 மாதத்தில் 71,400. டிசம்பரில் வரும் ஒரு மாதச் சம்பள போனஸில் பண்டிகைக்கு 8,000 எடுத்துக்கொண்டு 24,000ஐ ஒதுக்கினால் மொத்தம் 95,400, கடனே இல்லாமல் சிகிச்சைக்குப் போதும். தம்பி ஒன்றுமே தராவிட்டாலும் பைக் தவணை முடிந்த பிறகு மாதம் 7,200 மிஞ்சும், ஏறக்குறைய 18 மாதத்தில் வந்துவிடும், நாலு மாதம்தான் தாமதம். அதுவரை பெரும்பாலும் கண்ணாடியே போடுங்கள், லென்ஸ் செலவும் குறையும்.

தம்பியிடம் பேசும்போது அம்மாவையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள். தம்பிக்குச் சம்பளம் வரும் நாளிலேயே 2,100 உங்கள் கணக்குக்குத் தானாக வரும்படி அவருடைய வங்கியில் எழுதிக் கொடுக்கச் சொல்லுங்கள், கையில் தருகிறேன் என்றால் ஒப்புக்கொள்ளாதீர்கள். அப்புறம் பணம் சேர்ந்து சிகிச்சைக்குப் போகும்போது, அந்த 95,000 இரண்டு கண்ணுக்குமா, சொட்டு மருந்தும் பின்சோதனையும் அதில் சேருமா, பவர் கொஞ்சம் மிச்சமிருந்தால் மறுபடி செய்ய எவ்வளவு கேட்பார்கள் என்று எழுத்தில் வாங்கிக்கொண்டு பிறகு முன்பணம் கட்டுங்கள்.