விளக்கில்லாத ஊர் (கடிதம்)

ஐயா,
நாங்கள் பென்னாகரம் பக்கம். நண்பர்கள் நான்கு பேர் ஞாயிற்றுக்கிழமைகளில் பைக்கில் போய், ஆளில்லாமல் கிடக்கும் பழைய ஊர்களை வீடியோ எடுக்கிறோம். ‘பேய் ஊர்கள்’ என்று தொடராகப் போட ஆசை. போன வாரம் ஒரு இடத்தில் ட்ரோன் பறக்கவிட்டபோது, எண்ணெய்க் கிண்ணத்தோடு வந்த பெரியவர் ஒருவர் கன்னாபின்னாவென்று திட்டித் துரத்திவிட்டார். ஆளே இல்லாத ஊரில் யாருக்கு என்ன நஷ்டம்? இதையெல்லாம் எப்படித்தான் ஆவணப்படுத்துவது?
ச.

அன்புள்ள ச.,

முதலில் தலைப்பை மாற்றுங்கள். நம் பக்கத்து ஊர்கள் பேய்க்குப் பயந்து காலியாகவில்லை. பஞ்சம், கொள்ளைநோய், அப்புறம் அணை. ஓசூர் தாண்டினால் கர்நாடக வருவாய்க் கணக்கில் குடியில்லாத கிராமத்துக்கு ‘பேச்சராக்’ என்று பெயர். பாரசீகச் சொல், விளக்கில்லாதது என்று பொருள். உங்களைத் திட்டியவர் கையில் எண்ணெய்க் கிண்ணம் இருந்தது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அடுத்த வரியிலேயே ஆளே இல்லை என்கிறீர்கள்!

உங்களுக்குப் பக்கத்திலேயே நாகமரை இருக்கிறது. 1925இல் தொடங்கி 1934இல் முடிந்த மேட்டூர் அணைக்காகக் காவிரிக்கரை ஊர்கள் எழுந்து போயின. தண்ணீர் நன்றாக இறங்கினால் எதிர்க்கரைப் பண்ணவாடியில் பழைய ஜலகண்டேஸ்வரர் கோயில் நந்தி தலைகாட்டும். (நந்தி தெரிந்தால் நமக்கு வேடிக்கை, தஞ்சாவூர்க்காரருக்கு வயிற்றில் புளி கரையும்.) ஒருமுறை அங்கே பரிசலில் போனேன். நடுவழியில் பரிசல்காரர் துடுப்பால் தண்ணீரைத் தட்டி, “எங்க தாத்தா களம் இங்கதான்” என்றார். எப்படித் தெரியும் என்றேன். கரையில் ஒரு பாறையையும் அதற்கு நேர் பின்னால் ஒரு மலைமுகட்டையும் காட்டினார். அவர் அப்பா சொல்லிக்கொடுத்த அடையாளமாம். மேலே பறந்து எடுத்தால் அங்கே வெறும் தண்ணீர்தான்.

ஆகவே முதலில் பேச்சு, அப்புறம் கேமரா. யார் முதலில் கிளம்பினார்கள், இப்போது எங்கே இருக்கிறார்கள், சாமி கும்பிட எந்த மாதம் வருகிறார்கள் என்று கேளுங்கள். கிராம நிர்வாக அலுவலரிடம் நத்தம், அதாவது ஊர்க் குடியிருப்பு நிலம், எந்த சர்வே எண் என்று விசாரியுங்கள். வீடு இடிந்தாலும் கணக்கில் நத்தம் கிடக்கும். கிணறு, ஆட்டுக்கல் படங்களில் பக்கத்தில் ஒரு அடிக்கோல் வையுங்கள். நடுகல் தென்பட்டால் மாவு பூசிப் படிக்க வேண்டாம், புரட்டவும் வேண்டாம். தொல்லியல் துறைக்குச் சொல்லிவிடுங்கள். சரியான இடத்தை வீடியோவில் சொல்லாதீர்கள். புதையல் தோண்டுகிறவர்களும் பார்ப்பார்கள்.

அந்தப் பெரியவரிடம் திரும்பப் போங்கள். திட்டு வாங்கிய நான்கு பேருமே போங்கள். கையில் ஒரு லிட்டர் நல்லெண்ணெய் இருக்கட்டும்.